தங்கமீன் பூ தலைதூக்கிய காலை

தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும், இந்த ஊரின் கிளைகளையும் எங்கள் கைகளையும் வளைத்து வளைத்து வடிவம் தந்த கதோரி டீச்சர் அவர்களே! வசந்த மழைச் சேற்றில் செருப்பு வழுக்க, டிராம் மாறி வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பில் வைத்ததை அணைத்தோமா இல்லையா என்ற அச்சத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தாய்மார்களுக்கு நடுவே தன்னந்தனி ஆண்மகனாய்த் தழைத்து நிற்கும் முரோய் ஐயா அவர்களே! பின்வரிசையில், மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இடம்பிடித்த தொலைநோக்காளர்களே! கடைசியாக, கதவோரம், இடப்பக்கமும் வலப்பக்கமும் காலி நாற்காலிகளைக் காவல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஷிமொயாமா ஃபுமி அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கைதட்ட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். கைதட்டலை நான் நம்புவதில்லை. தட்டுகிறவர் பேச்சைப் பாராட்டுகிறாரா, முடித்துக்கொள் என்கிறாரா என்று ஓசையை வைத்து என்னால் பிரித்தறிய முடிந்ததில்லை.

நான் தொகுரா இஸுமி. பூ அலங்காரம் கற்றுத்தரும் நம் மரபின் இந்தத் தொயாமா கிளைக்குச் செயலாளர். பிழைப்புக்கு மருந்து நிறுவனம் ஒன்றில் சோதனை முடிவுகளைச் சரிபார்க்கிறேன். "இந்த மாத்திரை வேலை செய்கிறது" என்று பத்துப் பேர் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டு அனுப்புவார்கள். "எப்படித் தெரியும்?" என்று கேட்பது என் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். வீட்டில் அதையே இலவசமாகச் செய்கிறேன் என்பது என் கணவரின் குற்றச்சாட்டு.

இன்று எனக்கு இட்ட பணி எளியது. ஷிமொயாமா அம்மாவை நம் கிளையிலிருந்து நீக்கி, அவர் வாசலில் தொங்கும் ஆசிரியைப் பலகையைத் திரும்பப் பெற வேண்டும் என்ற தீர்மானத்தைப் படிக்க வேண்டும், கைகளைக் கணக்கெடுக்க வேண்டும், உட்கார வேண்டும். அந்தப் பலகை இறங்கினால் அவரிடம் பூ கற்க வரும் பெண்கள் நாளை முதல் வரமாட்டார்கள். இந்த ஊரில் வேறெந்தக் கிளையும் அவருக்குக் கதவு திறக்காது. ஐம்பத்தைந்து வயதில் ஒருத்தியின் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்குகிறோம். பிடுங்கலாம், தவறு செய்திருந்தால். செய்திருந்தால்!

படிப்பேன். ஆனால் படிப்பதற்கு முன் கொஞ்சம் பேசுவேன். செயலாளருக்கு அந்த உரிமை உண்டா என்று முணுமுணுக்கும் இரண்டாம் வரிசைக்கு: உண்டா இல்லையா என்று விதிகளில் இல்லை. இல்லாததால் எடுத்துக்கொள்கிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததாக நினைக்கிறீர்கள். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன்.

மார்ச் கடைசியில் கடைவீதிப் பெருங்கடையின் மேல்மாடியில் நம் வசந்தகாலக் கண்காட்சி. முதல்நாள் மாலை எல்லோரும் பூ வைத்தோம். சன்னலோரம், முதல் மேசை, ஹோரியே கஸுயோ அக்காவுடையது. அகன்ற கறுப்புத் தட்டு. வலப்புறம் உயர்ந்து வளைந்த வில்லோக் கிளை. அடியில் இரண்டு அகல இலைகள். அவற்றின் நிழலிலிருந்து புறப்பட்டு, தட்டின் விளிம்பைத் தாண்டி, நீர்மேல் தவழ்வதைப் போல இடப்பக்கம் சாய்ந்த, நீண்ட காம்பின் நுனியில் கதிர்போல் பூத்த மூன்று தங்கமீன் பூக்கள். ஆரஞ்சு நிறம். உண்மையாகவே மீன்கள் நீந்துவதைப் போலிருந்தது. பார்த்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். நானும் நின்றேன். பெருமூச்சு விடவில்லை, அது என் பழக்கமில்லை.

மறுநாள் காலை தண்ணீர் முறை ஷிமொயாமா அம்மாவுக்கு. கடை திறப்பதற்கு முன் வந்து, நீண்ட மூக்குள்ள கூஜாவால் ஒவ்வொரு தட்டிலும் நீர் நிரப்ப வேண்டும். அவர் தனியாக வந்தார், தனியாக ஊற்றினார். பிறகு நாம் போனோம். போனால், மூன்று மீன்களும் தலையைத் தூக்கிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன!

அந்த நேரம் பார்த்துத்தான் கியோத்தோ தலைமையகத்துப் பெரியவர் படியேறி வர வேண்டுமா? இலையுதிர்காலத்தில் கியோத்தோவில் பூ வைக்க நம் கிளையிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க வந்திருந்தார். ஹோரியே அக்காவின் மேசை முன் நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ரொம்ப உற்சாகமான பூவா இருக்கே" என்றார். நகர்ந்தார்.

உற்சாகமான பூ! புகழ்வதைப் போலவே குட்டும் கியோத்தோக்காரர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? ஆமாம், முரோய் ஐயா, நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்று ஹோரியே அக்கா சிரிக்கவில்லை. தூணுக்குப் பின்னால் போய்க் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"யாரோ என் பூவைத் தொட்டிருக்காங்க" என்றார்.

"யாரோ" என்ற சொல் எவ்வளவு நேரம் "யாரோ"வாகவே இருந்தது? மூச்சு இழுத்து விடும் நேரம்கூட இல்லை. எல்லோருடைய கண்ணும் கூஜாவைப் பிடித்திருந்த கைமேல் போய் உட்கார்ந்தது.

ஏன் போகாது? சந்தேகத்துக்கு வேண்டியதெல்லாம் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. தனியாக இருந்தவர் யார்? ஷிமொயாமா. கியோத்தோவுக்குப் போக ஆசைப்பட்ட இன்னொருவர் யார்? ஷிமொயாமா. மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு மரபை விட்டு நம் மரபுக்கு வந்தவர் யார்? ஷிமொயாமா. அந்தப் பழைய மரபில் என்ன சொல்லித் தருவார்கள்? நுனி வானத்தைப் பார்க்க வேண்டும் என்று! தூக்கிய நுனிகளைக் கண்டதும், "அவங்க ஊர்ப் பேச்சு கையில வந்துடுச்சு பாரு" என்று என் காதருகே யாரோ சொன்னார்கள். யார் என்று இங்கே சொல்லமாட்டேன். சொன்னவருக்குத் தெரியும்.

இத்தனையும் போதாதென்று ஷிமொயாமா அம்மா என்ன செய்தார்? இடுப்பு வளையக் குனிந்து, "மன்னிச்சிடுங்க. எல்லாருக்கும் தொந்தரவாப் போச்சு" என்றார்.

முடிந்தது வழக்கு! மன்னிப்புக் கேட்டுவிட்டாரே!

அன்பர்களே, நான் உங்களைக் கேட்கிறேன். நெரிசலில் நம் காலை ஒருவர் மிதித்தால் மன்னிப்புக் கேட்பது யார்? மிதிபட்ட நாம். பக்கத்து வீட்டு நாய் நம் வாசலை அசுத்தம் செய்தால், போய்ச் சொல்லும்போது முதலில் மன்னிப்புக் கேட்பது யார்? நாம். டிராம் அரை நிமிடம் தாமதமாக வந்தால் மன்னிப்புக் கேட்கிற ஊரில், மன்னிப்பை வாக்குமூலம் என்று எழுதிக்கொண்டால் சிறைச்சாலை போதுமா? ஊரையே அல்லவா உள்ளே வைக்க வேண்டும்!

சிரிப்பது சரி. ஆனால் அன்று அந்த மாடியில் இதைச் சொல்லிச் சிரிக்க ஒருவரும் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஷிமொயாமா அம்மாவைப் பிடிக்காது. கதவோரம் இருக்கும் அவருக்கும் இது தெரியும். அவர் சிரித்தால் அடுத்த அறையில் தண்ணீர் அதிரும். வகுப்பில் நல்ல கிளைகளை முதலில் எடுத்துக்கொள்வார். எனவே நட்புக்காகப் பேசுகிறேன் என்று யாரும் என்னைச் சந்தேகிக்க வேண்டாம். சந்தேகிப்பதானால் வேறு காரணம் தேடுங்கள்.

அவரை டிராம் நிறுத்தத்தில் பிடித்தேன்.

"தொட்டீங்களா?" என்றேன்.

"அடடா, செயலாளரம்மா! வணக்கம் கிணக்கம் ஒண்ணும் கிடையாதா?"

"தொட்டீங்களா இல்லையா?"

"தண்ணி ஊத்தினேன். என் முழங்கை கூடப் படல."

"அப்போ ஏன் மன்னிப்புக் கேட்டீங்க?"

"அவங்க அழுதுட்டிருந்தாங்க. அழறவங்ககிட்டப் போயி வேற என்னத்தச் சொல்றது? நல்லா அழுங்கன்னா சொல்ல முடியும்?"

"தங்கமீன் பூவைச் சாய்ச்சு வெச்சா தானே தலை தூக்கும். அது உங்களுக்குத் தெரியாதா?"

அப்போதுதான் அவர் சிரிப்பை நிறுத்தினார். "தெரியாம என்ன? இத்தனை வருஷமா என்ன புல்லா வெட்டிட்டிருந்தேன்?"

"அதச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம். சாய்ச்சது யாருன்னு அடுத்த கேள்வி வரும். நான் வேற வீட்லேர்ந்து வந்த மருமக மாதிரி, செயலாளரம்மா. நான் வாயத் திறந்தா, மாமியார் சமையல்ல உப்பில்லன்னு சொல்ற மாதிரி ஆயிடும். உங்க டிராம் வந்துடுச்சு, ஏறுங்க."

ஏறினேன். அவர் சொன்னதை நம்பினேனா? நம்பவில்லை. திறமையாகப் பேசுகிறவர்களை நான் இரட்டிப்பாகச் சந்தேகிப்பேன். தெரிந்த பூவின் இயல்பைச் சொல்லித் தப்பிப்பது யாருக்கும் எளிது. எனவே எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். சோதித்தேன்.

தங்கமீன் பூ வாங்கி வந்தேன். ஒரு தட்டில், காம்பைக் குத்தி நிறுத்தும் முள்தட்டின் மேல் சாய்த்துக் குத்தினேன். இன்னொரு தட்டில் நேராக நிறுத்தினேன். எங்கள் குளியலறைக்குச் சன்னல் கிடையாது. வெளிச்சம்தான் பூவை இழுத்தது என்று யாரும் சொல்லக்கூடாது. உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினேன். சாவி என் பையில்.

"இன்னிக்கு என்னைக் குளிக்க விடுவியா, இல்ல, வழக்கு முடியற வரைக்கும் நான் நாறிட்டே திரியணுமா?" என்றார் என் கணவர்.

"பூவை நோட்டம் விடறேன்."

"மனுஷங்க எல்லாம் முடிஞ்சு போச்சு, இப்போ பூவா?"

காலையில் கதவைத் திறந்தேன். நேராக நின்றவை நேராகவே நின்றன. சாய்ந்து கிடந்தவை? காம்பின் பாதிவரை படுத்திருக்க, மீதி பாதி கொக்கிபோல் வளைந்து, நுனி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு கடையில் பூ வாங்கி மறுபடி வைத்தேன். மறுபடி எழுந்தது. தொட்ட கை இல்லை, தூக்கிய விரல் இல்லை, பொறாமை இல்லை, போட்டி இல்லை, பழைய மரபு இல்லை, புதிய மரபு இல்லை. படுக்க வைத்தால் எழுவது அதன் இயல்பு. எழுந்தது!

அப்போதும் எனக்கு அமைதியில்லை. என் குளியலறையில் எழுந்தது என்பதால் கடைமாடியிலும் தானாகத்தான் எழுந்தது என்று ஆகிவிடுமா? ஆகாது. ஆகவே ஹோரியே அக்காவின் வீட்டுக்குப் போனேன். அக்கா, நீங்கள் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறீர்கள். நான் ஏதாவது மாற்றிச் சொன்னால் அங்கேயே தடுங்கள்.

அக்கா பார்லித் தேநீர் தந்தார். கைபேசியில் இரண்டு படங்கள் காட்டினார். மாலையில் எடுத்தது ஒன்று, காலையில் எடுத்தது ஒன்று.

"பாரு இஸுமி, எப்படி இருந்தத எப்படிப் பண்ணி வெச்சிருக்கா! உனக்கே வயிறு எரியலயா?"

"அக்கா, நுனிய விடுங்க. அடியப் பாருங்க. காம்பு முள்தட்டுல நிக்கற இடம்."

பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். ஒருவர் பூவைத் தூக்கி நிறுத்த வேண்டுமானால் காம்பைப் பிடுங்கித்தானே மறுபடி குத்த வேண்டும்? இரண்டு படங்களிலும் அடி ஒரே இடத்தில், ஒரே சாய்வில், மயிரிழை பிசகாமல் இருந்தது. மாறியது நுனி மட்டும்.

அக்கா கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க முதல்ல வெச்ச மாதிரியே இருந்திருந்தா இந்த வம்பே இல்ல, இல்லையா?" என்றேன். சும்மாதான் கேட்டேன். இல்லை, சும்மா கேட்கவில்லை. நான் எதையும் சும்மா கேட்பதில்லை.

"நான் முதல்ல நிக்கத்தானடி வெச்சேன்" என்றார்.

சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

சொன்னீர்களா இல்லையா, அக்கா? தலையசைக்கிறீர்கள். நன்றி. அந்தத் தலையசைப்புக்கு இங்கே இருக்கும் எல்லோரையும் விட அதிகத் துணிச்சல் வேண்டும்.

பெரியோர்களே, தாய்மார்களே, இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். முரோய் ஐயா! உட்கார்ந்தபடியே சொல்லுங்கள். தங்கமீன் பூவைச் சாய்த்து வைத்தால் என்ன செய்யும்?

கேட்டீர்களா? "தலையத் தூக்கும், இதக் கூடவா கேப்பாங்க" என்கிறார். இதைக்கூடவா கேட்பார்கள்! முதலாண்டு மாணவிக்குத் தெரியும். பூக்கடைக்காரருக்குத் தெரியும். இந்தக் கூடத்தில் தெரியாதவர் ஒருவர் இருந்தால் எழுந்து நில்லுங்கள்.

ஒருவரும் இல்லை.

அப்படியானால் அன்று காலை அந்த மாடியில் நம் எல்லோருடைய அறிவும் எங்கே போயிருந்தது? பூ எழுந்ததைப் பார்த்துப் பூ எழுந்தது என்று சொல்ல ஏன் ஒரு நாக்குக்கும் வலுவில்லை? வெளியாள் ஒருவரைக் கூட்டி வந்து காட்டியிருந்தால், "பூ வளர்ந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். நாம் மட்டும்தான் "யார் கை?" என்று கேட்டோம். ஏனென்றால் நாம் கையைப் பார்த்தே வளர்ந்தவர்கள். நாம் வைப்போம், டீச்சர் வருவார், "கொஞ்சம் தள்ளிக்கோ" என்பார், பிடுங்குவார், வெட்டுவார், சாய்ப்பார், நாம் குனிந்து நன்றி சொல்வோம். மாற்றம் என்றால் கை என்று நம் கண்ணுக்கே பழக்கமாகிவிட்டது.

இது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னையும் சந்தேகிக்க வேண்டும்.

பூ தானாக எழுந்தது என்று சொன்னால், எழுகிற பூவை நான்கு நாள் கண்காட்சியில் சாய்த்து வைத்தது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வரக்கூடாது என்று நாம் எல்லோரும், ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல், ஒருமனதாக முடிவு செய்தோம். ஒரு தவறு யார் தலையிலாவது இறங்கியாக வேண்டும். உயரத்தில் இருக்கும் தலைமேல் இறங்குவதைப் பார்க்க நமக்குக் கூச்சம். கதவோரம் ஒரு தலை இருந்தது. மூன்று ஆண்டுகளாகத் தயாராகவே இருந்தது. அங்கே இறக்கிவைத்துவிட்டுத் தீர்மானம் எழுதினோம். பணிவு என்று இதற்குப் பெயரா? மரியாதை என்று இதற்குப் பெயரா? ஒருத்தியைக் கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளிவிட்டு, கூடம் சுத்தமாயிற்று என்று கும்பிடுவதற்குப் பெயர் மரியாதையா?

பின்வரிசையில் மீன்சோற்றுச் சுஷிப் பெட்டியின் ரப்பர் வளையம் அவிழும் ஓசை கேட்டது. கட்டிவையுங்கள். மீன் இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கும்.

கதோரி டீச்சர் அவர்களே! இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறேன். உங்களிடம் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. நன்றி சொல்லித்தான் பழக்கம். அன்று மாலை ஹோரியே அக்காவின் தட்டில் அந்த மூன்று பூக்களையும் சாய்த்தது யார்?

...

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. டீச்சர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "நான்தான் சாய்ச்சேன். சாய்ச்சிருக்கக் கூடாது. ஆனா அன்னிக்கு சாயந்திரம் அழகா இருந்துச்சு, இல்லையா?" என்கிறார்.

இருந்தது, டீச்சர். மிக அழகாக இருந்தது. அதை மறுக்கமாட்டேன். பிறகு ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?

"யாரும் என்னைக் கேக்கலயே, இஸுமி."

யாரும் கேட்கவில்லை! அன்பர்களே, இந்தப் பதிலையும் நான் முழுதாக நம்பவில்லை. கேட்டால்தான் சொல்வேன் என்பவர் கேட்கமாட்டார்கள் என்பதையும் அறிந்தவர்தானே? டீச்சர் முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும். ஆனால் பதிலில் பாதி நம்மைப் பற்றியது. அந்தப் பாதி உண்மை. நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் குனிந்தோம்; குனிய வேண்டிய இடத்தில் விரல் நீட்டினோம்.

நான் உங்களிடம் அன்பு கேட்கவில்லை. ஷிமொயாமா அம்மாவை நேசியுங்கள் என்று சொல்லவில்லை. என்னாலேயே முடியாததை உங்களிடம் எப்படிக் கேட்பேன்? சந்தேகத்தை விடுங்கள் என்றும் சொல்லவில்லை. சந்தேகப்படுங்கள்! தாராளமாக, தளராமல், தைரியமாகச் சந்தேகப்படுங்கள்! ஆனால் வரிசையில் முதலில் நிற்பவரையும் சந்தேகப்படுங்கள். கடைசியில் நிற்பவரை மட்டும் சந்தேகப்படுவதற்குக் கண் வேண்டாம், அறிவு வேண்டாம்; கூட்டத்தோடு இருந்தால் போதும். உங்களையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். ஒரு பழி உங்கள் மனத்துக்கு இதமாகப் பொருந்துகிறதா? அப்படியானால் அதை அவிழ்த்துப் பாருங்கள். கிளை மாறியிருக்கிறதா? முதலில் கிளையைப் பாருங்கள். பூ மாறியிருக்கிறதா? முதலில் பூவைக் கேளுங்கள். பூவுக்குக் கட்சியில்லை, கியோத்தோ இல்லை, கூச்சமும் இல்லை. சாய்த்தால் எழுகிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

இப்போது என் கடமை. தீர்மானத்தைப் படிக்கிறேன்.

"கண்காட்சியில் பிறர் படைப்பில் கைவைத்த குற்றத்துக்காக ஷிமொயாமா ஃபுமி என்பவரைக் கிளையிலிருந்து நீக்கி, அவருடைய ஆசிரியைப் பலகையைத் திரும்பப் பெறுவது." முன்மொழிந்தவர் ஹோரியே கஸுயோ. ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள். நன்றாக, எனக்குத் தெரியும்படி.

பொறுங்கள். பார்த்துக்கொண்டே வருகிறேன்.

முதல் வரிசை, இல்லை. இரண்டாம் வரிசை, இல்லை. மூன்றாம் வரிசை. ஹோரியே அக்கா, உங்கள் கை மடியில் இருக்கிறது. கைக்குட்டை மட்டும்தான் மேலே போகிறது. அது கணக்கில் வராது. முரோய் ஐயா, நீங்கள் தலை சொறிகிறீர்களா, ஆதரிக்கிறீர்களா? சொறிகிறீர்கள். சரி. பின்வரிசை, எல்லோருடைய கையும் சாப்பாட்டுப் பெட்டிமேல் இருக்கிறது.

ஒரே ஒரு கை எழுந்திருக்கிறது. கதவோரம்.

ஷிமொயாமா அம்மா! இது என்ன?

"எல்லாருக்கும் சங்கடமாப் போயிடுச்சே, செயலாளரம்மா. டீச்சர் வேற எல்லார் முன்னாடியும்... நான் போயிட்டா முடிஞ்சிடும்" என்கிறார்.

ஷிமொயாமா அம்மா, தன்மீதான தீர்மானத்தில் ஒருவருக்கு வாக்கு கிடையாது. இது விதியில் இருக்கிறது, நேற்றுத்தான் சரிபார்த்தேன். கையைக் கீழே இறக்குங்கள். இறக்குங்கள் என்கிறேன். அவருக்கு இரண்டு பக்கமும் இருக்கும் நாற்காலிகளில் யாராவது போய் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்து இறக்க முடியுமா?

நன்றி, ஹோரியே அக்கா.

தீர்மானத்துக்கு ஆதரவு யாரும் இல்லை. தீர்மானம் தோற்றது.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பசியோடு கேட்ட தாய்மார்களுக்கும், இடையில் என்னை நிறுத்தாத, நிறுத்தியிருக்கக்கூடிய தலைவர் அவர்களுக்கும் என் நன்றி. இப்போது பெட்டிகளை அவிழ்க்கலாம். வணக்கம்.